பதினைந்தாவது கேள்வியில் நின்ற பேனா

2024 ஏப்ரல் 1, திங்கட்கிழமை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அன்று கணக்குப் பாடம். வட மாவட்டம் ஒன்றில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் அறைக் கண்காணிப்பாளராக இருந்தேன். மதியம் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படிவங்களைப் பார்த்தால் அந்த அறையில் ஒன்றுமே நடக்கவில்லை. வர வேண்டியவர்கள் 20, வந்தவர்கள் 20, ஒழுங்கீனம் இல்லை, கூடுதல் விடைத்தாள் இத்தனை, வரைபடத்தாள் இத்தனை. எல்லாக் கணக்கும் சரியாக இருந்தது.

ஆனால் அந்த 20 பேரில் ஒரு பையன் ஒரு மணி நேரம் ஒரு வரிகூட எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு நடந்ததில் என் பங்கும் உண்டு. அதைக் குறிக்க எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் கிடையாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அவனை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். நேரங்கள் எல்லாம் அன்று இரவே நான் ஒரு நோட்டில் குறித்து வைத்தவை. ஐந்து நிமிடம் முன்பின் இருக்கலாம்.

தேர்வுப் பணிக்குப் போகாதவர்களுக்காக அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கணக்குத் தேர்வன்று கணக்கு ஆசிரியர்களை அறைக்குள் போடமாட்டார்கள். தமிழ்த் தேர்வன்று எங்களைப் போடமாட்டார்கள். நான் தமிழாசிரியை, 19 வருட அனுபவம். பத்தாம் வகுப்புக் கணக்கு இப்போது எனக்கு நினைவில் இல்லை. வினாத்தாளைப் பார்த்து இது எளிது, இது கடினம் என்று சொல்ல என்னால் முடியாது. எனக்குத் தெரிவதெல்லாம் பிள்ளைகளின் கைகள்தான். எந்தக் கை ஓடுகிறது, எது தயங்குகிறது, எது நின்றுவிட்டது என்று பார்க்கலாம். அது போதுமான அறிவுதான் என்பதையும், அதை நான் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பதையும் பின்னால்தான் உணர்ந்தேன்.

எந்த அறை யாருக்கு என்பது அன்று காலையில் குலுக்கலில்தான் தெரியும். செல்போனை ஒப்படைத்துவிட்டு, விடைத்தாள் கட்டை வாங்கிக்கொண்டு போனேன். பிள்ளைகள் செருப்பையும் ஷூவையும் வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்து உட்கார்ந்தார்கள். நான்கு வரிசை, வரிசைக்கு ஐந்து பேர். வினாத்தாள் உறையைப் பிரிக்கும் முன், முத்திரை உடையாமல் இருக்கிறது என்று இரண்டு மாணவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டாம் வரிசையில் முதல் பெஞ்சில் இருந்த பையனைக் கூப்பிட்டேன். கையெழுத்துப் போட்டான். அவன் விரல் பட்ட இடத்தில் மை கலைந்து இழுத்துக்கொண்டு போனது. உள்ளங்கை முழுக்க ஈரம். ஏப்ரல் வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

10 மணிக்கு வினாத்தாள் கொடுத்தோம். முதல் 10 நிமிடம் வாசிக்க மட்டும். பெரும்பாலான பிள்ளைகள் இந்த நேரத்தில் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போவார்கள். கிராஃப் எது வந்திருக்கிறது, ஜியாமெட்ரி எது வந்திருக்கிறது என்று பார்த்ததும் சிலர் முகம் தெளியும், சிலர் முகம் வாடும். இந்தப் பையன் முதல் பக்கத்திலேயே இருந்தான். விரலை வைத்து வரி வரியாக வாசித்தான். பக்கத்தைத் திருப்பவே இல்லை. பார்த்தேன், ஆனால் அதைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை. 10.10க்கு விடைத்தாள் கொடுத்து, முகப்புத் தாளில் இருக்கும் படத்தையும் பதிவெண்ணையும் சரிபார்த்தோம். 10.15க்கு எழுத ஆரம்பித்தார்கள்.

10.40க்குள் 14 ஒரு மதிப்பெண் கேள்விகளையும் எழுதி முடித்துவிட்டான். அழகான கையெழுத்து. ஓரத்தில் பென்சிலால் கோடு, ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவே சம இடைவெளி. அப்புறம் ‘15’ என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டான். அத்தோடு பேனா நின்றது.

முகப்புத் தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே 10.50க்கு அவனிடம் வந்தபோதும் அந்த 15 மட்டும்தான் இருந்தது. யோசிக்கிறான் என்று போய்விட்டேன். 11 மணிக்குத் திரும்பி வந்தேன். அதே 15. பேனா மூடியைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தான். இடது கை பெஞ்சுக்கு அடியில், கால்சட்டைப் பையின் மேல் இருந்தது.

அந்த நொடியில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். பிட்டு. வேறு எதுவும் தோன்றவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தேர்வுக்கு முந்தைய கூட்டங்களில் எங்களுக்கு எது ஒழுங்கீனம், எப்படிக் கண்டுபிடிப்பது, யாரிடம் சொல்வது என்று விரிவாகச் சொல்வார்கள். அது தேவைதான். எழுத முடியாமல் உறைந்துபோகும் பிள்ளை எப்படி இருக்கும் என்று நான் போன எந்தக் கூட்டத்திலும் யாரும் சொன்னதில்லை. இரண்டும் வெளியே இருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கை அசையாது, கண் தாளில் இருக்காது, உடம்பு விறைத்திருக்கும், யாராவது கிட்டே போனால் திடுக்கிடும்.

கிட்டே போய் நின்றால் காப்பியடிக்க மாட்டார்கள் என்பது எங்கள் பழக்கம். அவன் பெஞ்சை ஒட்டிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. கிட்டத்தட்ட 15 நிமிடம் அங்கேயேதான் இருந்தேன். எழுத முடியாமல் தவிக்கும் பதினைந்து வயதுப் பையனின் தலைக்கு மேல் ஓர் ஆசிரியை அத்தனை நேரம் நின்றிருக்கிறாள். அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? இன்றைக்கும் இதைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

11.20க்குப் பறக்கும் படை வந்தது. இரண்டு பேர். அதில் மூத்தவர் அறையை ஒருமுறை பார்த்தார், நேராக அவனிடம் வந்தார். ஏன் அவனிடம் வந்தார் என்பதை வீட்டுக்கு வந்துதான் யோசித்தேன். 20 பேர் இருக்கும் அறையில் கண்காணிப்பாளர் ஒரே பெஞ்சின் அருகே நின்றால், அது விரலை நீட்டிக் காட்டுவதற்குச் சமம். அவரை அங்கே வரவழைத்தது நான்தான்.

எழுந்திருக்கச் சொல்லி, பையைத் தடவிப் பார்த்தார். மடித்த ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. பிரித்தார். தினசரி காலண்டரில் கிழித்த தாள். அச்சு இருந்ததால் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி வாசித்தார். நல்ல நேரம், ராகு காலம், ராசிபலன். உள்ளே இருந்த விபூதி விடைத்தாளிலும் பெஞ்சிலும் கொட்டியது.

“நெத்தியில பூசிட்டு வரலாம்ல தம்பி? பையில எதுவும் வச்சுக்கக் கூடாது. சரி, உட்கார்ந்து எழுது” என்றார். கடுமையாகப் பேசவில்லை, தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போனார். அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்தார். ஆனால் அந்த இரண்டு நிமிடமும் மற்ற 19 பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உட்கார்ந்தான். தாளின் மேல் இருந்த விபூதியை மெதுவாக ஊதினான். கால் விரல்கள் தரையில் மடங்கி இறுகி இருந்தன. பிறகு ஸ்கேலை எடுத்து, முதல் விடையின் மேல் வைத்து ஒரு கோடு இழுத்தான். அடுத்தது இரண்டாவது விடை. மூன்றாவது. அவசரமே இல்லாமல், நேர்கோடாக, எழுதிய அத்தனை கவனத்தோடும் அடித்துக்கொண்டு போனான்.

எழுதிய விடைகள் அனைத்தையும் மாணவரே கோடிட்டு அடித்துவிட்டால் அது ஒழுங்கீனமாகக் கருதப்படும், முடிவு நிறுத்தி வைக்கப்படும் என்ற விதி எங்களுக்குத் தெரியும். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த விதிதான், பையன் அப்புறம்தான். எதுவாக இருந்தாலும் ஐந்தாவது விடையை அவன் அடித்து முடிப்பதற்குள் அவனிடம் போய்விட்டேன்.

“தம்பி, பேனாவைக் கீழே வை” என்றேன். வைத்தான். “தண்ணி குடி.” குடித்தான். பாட்டிலைப் பிடித்த கை ஆடியது. “என்னைப் பார்க்க வேணாம். ஜன்னல் பக்கம் பாரு. மெதுவா மூச்சு விடு, ஒண்ணும் அவசரமில்ல.”

இரண்டு மூன்று நிமிடம் போயிருக்கும். ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான்.

“மிஸ், பதினஞ்சு வரல.”

வினாவைப் பற்றி நான் ஒரு சொல் பேசக்கூடாது. பேசவும் தெரியாது. “கேள்வியைப் பத்தி நான் எதுவும் சொல்லக்கூடாது தம்பி. ஆனா வரிசையா எழுதணும்னு கட்டாயம் இல்ல. கேள்வி நம்பரைச் சரியா போட்டுட்டு எதை வேணும்னாலும் முதல்ல எழுதலாம்” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தான். “நடுவுல விட்டுட்டுப் போலாமா மிஸ்?”

“போலாம்.”

அன்றைக்கு முதல் முறையாக வினாத்தாளின் பக்கத்தைத் திருப்பினான். ஒவ்வொரு பக்கமாகக் கடைசி வரைக்கும் போனான். 11.40க்குக் கையைத் தூக்கினான்.

“மிஸ், கிராஃப் ஷீட்.”

அதற்குப் பிறகு 95 நிமிடம் இருந்தது. கடைசி மணி அடிக்கும்வரை நிறுத்தவில்லை. அடித்த விடைகளை எண் போட்டு வேறு பக்கத்தில் மறுபடி எழுதினான். நான் அறையின் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

ஏப்ரல் 4, அறிவியல் தேர்வு. வேறு அறை விழுந்தது எனக்கு. ஆனால் காலையில் குழாயடியில் அவனைப் பார்த்தேன், நெற்றியில் பட்டையாக விபூதி இருந்தது. பிள்ளைகளை அழைத்து வந்திருந்த அவனுடைய வகுப்பாசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்:

“அவன் வரிசையை மாத்தவே மாட்டான் மேடம். அரையாண்டுலயும் அப்படித்தான், ஒரு கேள்வியிலயே நின்னு கடைசி ரெண்டையும் விட்டுட்டான். நேரம் பத்தலைன்னு நெனச்சோம். நாங்கதான் அப்படிப் பழக்கினோம். வரிசையா, அடித்தல் திருத்தல் இல்லாம எழுதினா திருத்துறவங்களுக்கு நல்லா இருக்கும்னு சொல்லிச் சொல்லி.”

எனக்குப் பகீரென்றது. அதே வாக்கியத்தை 19 வருடமாக என் வகுப்பில் நானும் சொல்லி வருகிறேன். விடைத்தாள் திருத்தும் மையத்தில் உட்கார்ந்தவர்கள் யாரும் இதைச் சொல்வார்கள். கேள்வி எண் முன்னும் பின்னுமாக இருந்தால் தேடித் திருத்துவது சிரமம்தான். எங்கள் வசதிக்காகச் சொன்னது, சொல்லச் சொல்லப் பிள்ளைகளுக்குச் சட்டமாகிவிட்டது. பெரும்பாலானவர்கள் தேவைப்பட்டால் மீறுவார்கள். சொன்னதை அப்படியே கேட்கும் பிள்ளை மீறாது. அந்தப் பையன் சொன்ன சொல் கேட்கும் பையன். மார்ஜின் கோட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

கணக்கு வினாத்தாளின் அமைப்பை அன்று மாலை ஒரு கணக்கு ஆசிரியையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் பகுதி ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. இரண்டாம் பகுதியில் 15 முதல் 28 வரை 14 இரண்டு மதிப்பெண் கேள்விகள், அதில் 10 எழுதினால் போதும், 28ஆவது மட்டும் கட்டாயம். மூன்றாம் பகுதி 29 முதல் 42 வரை, ஐந்து மதிப்பெண் கேள்விகளில் 10. கடைசியாக ஜியாமெட்ரியும் கிராஃபும், தலா 8 மதிப்பெண்.

அப்படியென்றால் அவன் சிக்கிய 15ஆவது கேள்வி எழுதவே தேவையில்லாத கேள்வி. அந்தப் பகுதியில் நான்கு கேள்விகளைத் தாராளமாக விடலாம், ஒரு மதிப்பெண்கூடக் குறையாது. கடைசிப் பக்கத்தில் 16 மதிப்பெண் காத்திருந்தது. தேர்ச்சிக்கு 35. மெல்ல மலரும் மாணவர்களுக்குக் கணக்கு ஆசிரியர்கள் வருடம் முழுக்கப் போட்டுப் பழக்குவது அந்த இரண்டைத்தான். அவனுக்கும் அது நன்றாகவே தெரியும் என்று வகுப்பாசிரியர் சொன்னார். தெரிந்ததற்குப் போக வழியில்லாமல், தெரியாத இரண்டு மதிப்பெண் கேள்வி வாசலில் நின்று மறித்திருக்கிறது.

பயம் வந்தால் படித்தது மறந்துபோகும் என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். உளவியல் படித்தவர்கள் கொஞ்சம் வேறு விதமாகச் சொல்கிறார்கள். கணக்குப் போடும்போது இடைப்பட்ட எண்களை மனதில் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருக்க வேண்டும். அந்த இடம் மிகச் சிறியது. கவலை வந்து உட்கார்ந்தால் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, கணக்குக்கு இடம் இல்லாமல் போகிறது. படித்தது அழிவதில்லை, எடுக்க முடியாமல் போகிறது. 2011இல் ஜெரார்டோ ராமிரெஸ், சையன் பைலாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தேர்வுக்குச் சற்று முன் 10 நிமிடம் தங்கள் கவலையை ஒரு தாளில் எழுதிவைத்த மாணவர்கள், குறிப்பாக அதிகம் பயப்படுகிறவர்கள், மேலும் நன்றாக எழுதினார்கள் என்பது அதன் முடிவு. நம் தேர்வறையில் அப்படி எழுத வைக்க முடியாது. ஆனால் தேர்வுக்கு முன் பள்ளி மரத்தடியில் பிள்ளைகள் உட்கார்ந்து கடைசி நிமிடத்தில் கைடைப் புரட்டும் அந்த நேரத்தில் செய்யலாம். நான் என் வகுப்பில் செய்து பார்க்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளைகள் 2020இல் பள்ளிகள் மூடியபோது ஆறாம் வகுப்பில் இருந்தவர்கள். ஏழாம் வகுப்பு முழுக்க வீட்டில். எட்டாம் வகுப்புக்கு 2021 நவம்பரில்தான் பள்ளி திறந்தது. இயற்கணிதம் காலூன்றும் வருடங்கள் அவை. ஒன்றை எழுத முடியாமல் போனால் அதைத் தாண்டிப் போகும் பழக்கம், சின்னச் சின்னத் தேர்வுகளை நிறைய எழுதித்தான் வரும். அவர்களுக்கு அந்தத் தேர்வுகள் கிடைக்கவில்லை. அன்று என் அறையில் அது எந்த அளவுக்குக் காரணம் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அவனைக் குறை சொல்லும் முன் இதை நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

சரி, நான் சொன்னது உதவியா, சலுகையா? தேர்வு முடிந்ததும் முதன்மைக் கண்காணிப்பாளரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். “கேள்வியைப் பத்தி ஏதாவது சொன்னீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப சரி டீச்சர்” என்றார். எனக்கு முழுதாகச் சரியாகப் படவில்லை. வரிசை கட்டாயமில்லை என்பது ரகசியம் அல்ல, யாரும் யாருக்கும் சொல்லலாம். ஆனால் அதை நான் 20 பேரில் ஒருவனுக்கு மட்டும் சொன்னேன். பக்கத்து அறையில் அதேபோல ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்திருந்தால் அவளிடம் யார் சொல்லியிருப்பார்கள்? ஒருவனுக்குச் சொன்னது தவறு என்று நான் நினைக்கவில்லை. மற்ற 19 பேருக்கும் தொடக்கத்திலேயே சொல்லாமல் விட்டதுதான் தவறு.

அதனால் இப்போது 10.10 மணிக்கு விடைத்தாள் கொடுக்கும்போதே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறேன். பதிவெண்ணைச் சரிபாருங்கள், வினாத்தாளில் எல்லாப் பக்கமும் அச்சாகி இருக்கிறதா பாருங்கள் என்று சொல்லும்போது, எந்தக் கேள்வியை வேண்டுமானாலும் முதலில் எழுதலாம், எண்ணை மட்டும் சரியாகப் போடுங்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறேன். எல்லாப் பக்கத்தையும் பார்க்கச் சொல்வதில் இன்னொரு நன்மை, கடைசிப் பக்கம் வரை ஒருமுறையாவது திருப்பிவிடுவார்கள். 10.45 வாக்கில், எழுதாத கை எது என்று பார்ப்பதற்காகவே ஒரு சுற்று வருகிறேன். சந்தேகம் வந்தாலும் பெஞ்சை ஒட்டி நிற்பதில்லை. நடந்துகொண்டே இருக்கிறேன், பின்னால் இருந்து பார்க்கிறேன். காப்பியடிக்கிற பிள்ளையைப் பின்னால் இருந்தும் கண்டுபிடிக்க முடியும். கிட்டே போக வேண்டியிருந்தால் முதல் வார்த்தையாகத் தண்ணி குடிக்கச் சொல்கிறேன். பிட்டு வைத்திருக்கும் பிள்ளை அப்போதும் பையைத்தான் பார்க்கும். உறைந்துபோன பிள்ளை தண்ணீரைக் குடித்துவிட்டு அழும், அல்லது பேசும்.

அந்த வருட முடிவுகள் மே 10 அன்று வந்தன. மாநிலத் தேர்ச்சி 91.55 சதவீதம் என்று செய்தியில் ஓடிக்கொண்டிருந்தபோது வகுப்பாசிரியருக்குப் போன் போட்டேன். தேர்ச்சி பெற்றுவிட்டான். கணக்கில் எத்தனை என்றும் சொன்னார். அந்த எண்ணை இங்கே எழுதவில்லை, அது அவனுடையது. அவன் தேறியதால் நான் செய்தது சரியாகிவிடாது. 11 மணிக்கே நான் பேசியிருந்தால் இன்னும் 40 நிமிடம் அவனுக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்கும், பையைச் சோதிக்கும் நிலையும் வந்திருக்காது.

என் பள்ளியில் அந்த ஜூன் முதல் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்புக்கு நடத்தும் சின்னத் தேர்வுகளில் ஒன்றைக் கட்டாயம் கடைசிக் கேள்வியில் இருந்து ஆரம்பித்து எழுத வேண்டும். முதல் தடவை அறிவித்தபோது பிள்ளைகள் நம்பவில்லை. முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி, மார்ஜின் போட்டு, எண்ணை எழுதப் போனவள், பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்று கேட்டாள்: “நெஜமாவே கட்டுரைய முதல்ல எழுதலாமா மிஸ்? மார்க் குறைக்க மாட்டீங்களே?” குறைக்க மாட்டேன் என்று சொல்லி உட்காரச் சொன்னேன். எழுத ஆரம்பிக்கும் முன் இன்னும் இரண்டு முறை கேட்டாள்.